வேற்றுமை படித்தவர்

பின்லாந்தின் எஸ்போ நகரில் எங்கள் வீட்டருகே மெட்ரோவுக்கு இறங்கும் வழியில், 2024 ஜனவரியில் அதிபர் தேர்தல் தட்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவற்றில் ஒரு முகம், கண்ணாடி போட்டது, ஃபின்ஸ் கட்சி வேட்பாளர் யூசி ஹல்லா-அஹோ. அந்தத் தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை, குடியுரிமை வேண்டும். ஆனாலும் தினமும் அவர் முகத்தில் விழித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

அப்போது மாலை வகுப்பில் ஃபின்னிஷ் படித்துக்கொண்டிருந்தேன். 'தலோஸ்ஸா' என்றால் வீட்டில், 'தலோஸ்தா' என்றால் வீட்டிலிருந்து. நம் உருபு மாதிரியே சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். என்ன, 15 வேற்றுமைகள். எட்டோடு வளர்ந்தவனுக்கே மூச்சு முட்டுகிறது. ஹல்லா-அஹோவும் இதே சங்கதியில்தான் முனைவர் பட்டம் வாங்கியவர் என்று தெரிந்தபோது சிரித்துவிட்டேன். ஹெல்சிங்கி பல்கலைக்கழகம், 2006. ஆதி ஸ்லாவிய மொழியின் பெயர்ச்சொல் ஈறுகள். வேற்றுமைதான் பாடம்!

அவர் பெயர் பரவியது ஆய்வேட்டால் இல்லை, வலைப்பதிவால். 2008-இல் ஒரு பின்லாந்து நாளிதழ், குடித்துவிட்டுக் கொலை செய்வது ஃபின்னியரின் தேசியக் குணம், மரபணுவிலேயே இருக்கலாம் என்ற பொருளில் எழுதியது. அதே வாக்கியத்தை எடுத்து, வழிப்பறியும் வரிப்பணத்தில் பிழைப்பதும் சோமாலியரின் குணம் என்று மாற்றிப்போட்டார். நபிகள் பற்றியும் இழிவாக எழுதினார். அதைச் சொல்லலாம் என்றால் இதையும் சொல்லலாமா என்று சோதித்துப் பார்த்ததாக வாதம்.

இலக்கணக்காரரின் கெட்டிக்காரத்தனம்தான். எனக்கு ஒப்பவில்லை. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நம்மைத் திட்டிக்கொள்வது ஒன்று. நேற்று குடிவந்தவன் வாசலில் நின்று அதையே கத்துவது வேறு. எழுவாய் மாறினால் வாக்கியமே மாறும் என்பது அவருக்கா தெரியாது?

2009-இல் கீழ் நீதிமன்றம் மத நிந்தனைக்காக 330 யூரோ அபராதம் போட்டது. 2012-இல் உச்ச நீதிமன்றம் இனக்குழுவுக்கு எதிராகத் தூண்டிய குற்றத்தையும் சேர்த்து 400 யூரோவாக்கியது. (இங்கே இத்தகைய அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. தொகையை வைத்துக் குற்றத்தை அளக்க முடியாது.) அப்போது அவர் எம்.பி.; குடியேற்ற விவகாரங்களைப் பார்க்கும் நாடாளுமன்றக் குழுவின் தலைவரும்கூட! அந்தப் பதவி மட்டும் போனது.

2014-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம். 2017 ஜூனில், குடியேற்றத்தை எதிர்க்கும், அப்போது கூட்டணி அரசில் இருந்த ஃபின்ஸ் கட்சியின் தலைவர். இவரோடு கூட்டணியில் இருக்க முடியாதென்று பிரதமர் சிபிலா, ராஜினாமா கொடுக்கத் தானே விமானம் ஓட்டிக் கிளம்பினார். அதற்குள் அந்தக் கட்சியின் 20 எம்.பி.க்கள் பிரிந்து வந்து அரசைக் காப்பாற்றினார்கள். 2019 தேர்தலில் பிரிந்தவர்களுக்கு ஒரு இடமும் இல்லை. ஹல்லா-அஹோ கட்சிக்கு 39, முதலிடத்துக்கு ஒன்றே குறைவு. அன்று அலுவலகக் காபி அறையில் யாரும் அரசியல் பேசவில்லை. பனியைப் பற்றிப் பேசினார்கள்.

அதிபர் தேர்தலில் சுமார் 19 சதவீதத்தோடு மூன்றாவதாக வந்தார். தட்டியைக் கழற்றிவிட்டார்கள். அவர் 2023 ஜூனிலிருந்து உட்கார்ந்திருந்த நாற்காலிக்கே திரும்பினார். நாடாளுமன்றத் தலைவர், ஃபின்னிஷில் 'புஹெமியெஸ்'. 'புஹெ' பேச்சு, 'மியெஸ்' ஆள். அந்த நாற்காலியில் இருப்பவர் அவை விவாதத்தில் பேசக் கூடாது என்பது அரசியல் சட்டம்.