டிஸ்சார்ஜ் சீட்டில் விட்டுப்போன ஒரு வரி

மகளுக்குக் கால்களிலும் பின்புறத்திலும் ஊதா நிறத் தடிப்புகள், கூடவே முட்டி வலி, வயிற்று வலி. முதலில் அலர்ஜி என்றார்கள், அப்புறம் டெங்குவோ என்று சந்தேகப்பட்டார்கள். தட்டணுக்கள் சரியாக இருக்கவே ஹெனாக் ஷோன்லைன் பர்பூரா என்று முடிவானது. ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் என்பதும் இதுதான். சிறு ரத்தக் குழாய்களில் வரும் அழற்சி. தடிப்பு மங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த டிஸ்சார்ஜ் சீட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வலி மாத்திரை, சத்து டானிக் எல்லாம் எழுதியவர்கள், ஆறு மாதத்துக்குச் சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. இந்த நோய் வரும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் முதல் 4 முதல் 6 வாரங்களுக்குள் தொடங்கும். எரிச்சல், வலி எதுவும் இல்லாமலே கூட. சளிக்காகப் பார்த்த வேறொரு குழந்தை மருத்துவர் பழைய சீட்டைப் புரட்டி, “யூரின் டெஸ்ட் எங்கே?” என்று கேட்டார். பார்த்தால் புரதம் மூன்று பிளஸ், ரத்த அணுக்களும் இருந்தன. அவருக்குக் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

அடுத்த தலைவலி லேப். சிறுநீரில் புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் புரதம்-கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னால், “எப்ப எடுத்தாலும் ஒண்ணுதான்” என்று மதியம் மாதிரி வாங்கி, சாதாரண யூரின் டெஸ்ட் மட்டும் செய்து கொடுத்தார்கள். சிறுநீரக மருத்துவர் அதை ஏற்கவில்லை. நகரம் வரை போய் வந்த பயணம் வீண். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர்தான் வேண்டும். ஓடியாடித் திரிந்த பிறகு எடுத்தால் நோயில்லாத பிள்ளைக்கும் புரதம் கூடுதலாகக் காட்டலாம். பில் போடும்போதே டெஸ்டின் பெயரைச் சரிபாருங்கள். விகிதம் 0.2க்குள் இருக்க வேண்டும். இவளுக்கு 2ஐத் தாண்டியிருந்தது.

சிறுநீரகத்தில் துளி திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி பயந்த அளவு இல்லை. ஸ்டீராய்டும், ரத்த அழுத்தத்தையும் புரதக் கசிவையும் குறைக்கும் எனாலபிரிலும் தொடங்கினார்கள். சீட்டில் இருந்த ஐபுப்ரோஃபென்னை, சிறுநீரகத்துக்கு ஆகாது என்று உடனே நிறுத்தினார்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டையில் குழந்தைக்கான சிறியதைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுக்கானதைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும். ஒரு நர்ஸ் “இதுவே போதும்” என்றார். நான் நகரவில்லை, பட்டை வந்தது. போன வாரம் விகிதம் 0.4. மருந்து தொடர்கிறது.