பழைய இங்கிலாந்துப் பண்ணை யாருடையது? வயலைப் பிடித்துப் பின்னோக்கித் தேடும் முறை

பண்ணையின் பெயரை வைத்துத் தேட ஆரம்பிப்பவர்கள் சீக்கிரமே முட்டி நிற்பார்கள். மேனர் ஃபார்ம், சர்ச் ஃபார்ம், ஹோம் ஃபார்ம் எல்லாம் ஊருக்கு ஊர் உண்டு. ஒரே பண்ணையை முந்தைய குத்தகைக்காரர் பெயரால் அழைத்த காலமும் இருக்கும். அதனால் முதல் வேலை, ஆர்டினன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறையின் பழைய 25 அங்குல (மைலுக்கு 25 அங்குலம்) வரைபடத்திலிருந்து வீட்டையும் அதை ஒட்டிய நாலைந்து வயல்களையும் நகல் எடுத்துக்கொள்வது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்து வரைபடங்களும் இலவசம். ஒவ்வொரு காலத்து ஆவணமும் அதே வயலுக்கு வேறொரு எண் போட்டிருக்கும். வயலின் வடிவம்தான் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தரும்.

அடுத்தது லேண்ட் ரெஜிஸ்ட்ரி, அதாவது அரசின் நில உரிமைப் பதிவகம். பதிவேட்டு நகல் 7 பவுண்டு, வரைபடம் தனியாக 7 பவுண்டு. அரசுத் தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகுத் தளங்கள் அதே தாளுக்குக் கூடுதலாகக் கறக்கும். நம்மூர் வில்லங்கச் சான்று போலப் பழைய கைமாற்றங்கள் வரிசையாக வராது, இன்றைய உரிமையாளர் மட்டுமே வருவார். ஆனாலும் பதிவேட்டில் நிலத்தின் மீதுள்ள கட்டுப்பாடுகளைச் சொல்லும் பொறுப்புகள் பகுதியை வரி விடாமல் படிக்க வேண்டும். பாதை உரிமை, வேலிக் கட்டுப்பாடு என்று எதையாவது சொல்லும் சாக்கில், இன்ன தேதியில் இன்னாருக்கும் இன்னாருக்கும் நடந்த கிரையம் என்று ஒரு குறிப்பு ஒளிந்திருக்கும். அந்தப் பத்திரத்தின் நகல் அலுவலகத்தில் இருந்தால் ஓசி2 படிவம் போட்டு வாங்கலாம். தேதி 1919, 1920 வாக்கில் இருந்தால் பெரிய எஸ்டேட் ஒன்று துண்டு துண்டாக விற்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஏலத்துக்கு அச்சிட்ட பட்டியல் கவுண்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பனையின்போது பதிவு கட்டாயம் என்பது இங்கிலாந்து முழுவதும் அமலுக்கு வந்தது 1990 டிசம்பர் 1 அன்றுதான். தலைமுறைகளாக ஒரே குடும்பத்திடம் உள்ள பண்ணை இன்னும் பதிவாகாமலே இருக்கலாம்.

இதற்கு முந்தைய இரண்டு படிகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1941–43 போர்க்காலப் பண்ணைக் கணக்கெடுப்பில் (காப்பக வரிசைக் குறியீடு எம்ஏஎஃப் 32, வரைபடங்கள் எம்ஏஎஃப் 73) 5 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகள் வரும். உரிமையாளர், பயிர், கால்நடை எல்லாம் உண்டு. விவசாயிக்கே ஏ, பி, சி என்று தரம் போட்டிருப்பார்கள்; சிலருக்கு அநியாயமாகவும் படும். 1910 நிதிச் சட்டப்படி நடந்த நில மதிப்பீட்டில் நேரே களப்புத்தகத்தைக் (ஐஆர் 58) கேட்டுப் பயனில்லை. முதலில் வரைபடத்தில் சொத்து எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகம் ஒன்றுக்கு 100 சொத்துகள். இன்னும் 50 ஆண்டுக்கு மேல் மீதமுள்ள குத்தகை வைத்திருந்தவரையும் அந்தச் சட்டம் உரிமையாளர் என்றே கணக்கில் எடுத்தது என்பதால், அந்தப் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அதிகம் கிடைப்பது தசமபாக வரைபடத்தில். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு என்றிருந்ததைப் பணமாக மாற்றிய 1836 சட்டத்தின் விளைவு இது; பெரும்பாலானவை 1850களின் தொடக்கத்துக்குள் முடிந்தன. வரைபடம் ஐஆர் 30, அதனுடன் வரும் பட்டியல் ஐஆர் 29. உரிமையாளர், அனுபவிப்பவர், வயல் எண், வயலின் பெயர், உழவா புல்லா, பரப்பு, தொகை என்று நம்மூர் அடங்கல் போலவே இருக்கும். சிக்கல், பட்டியல் வழக்கமாக வயல் எண் வரிசையில் இல்லாமல் உரிமையாளர் பெயரின் அகரவரிசையில் இருப்பது. எண் 214 யாருடையது என்று பார்க்க முழுப் பட்டியலையும் புரட்ட வேண்டும். பரப்பு 7 2 30 என்றிருந்தால் 7 ஏக்கர், 2 ரூட், 30 பெர்ச். ஏக்கருக்கு 4 ரூட், ரூட்டுக்கு 40 பெர்ச், ஆக 7.69 ஏக்கர். 7.23 என்று எழுதிவிட்டுப் பிறகு கூட்டல் இடிக்கிறதே என்று குழம்புகிறார்கள். இலங்கைக் காணி உறுதிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நார்த்தாம்ப்டன்ஷயர், லெஸ்டர்ஷயர் பக்கம் பல ஊர்களில் இந்த வரைபடமே கிடையாது. பொது நிலங்களை வேலியடைத்துத் தனியாருக்குப் பங்கிட்டபோதே தசமபாகத்துக்கும் வழி செய்துவிட்டார்கள். அங்கே அந்தப் பங்கீட்டுத் தீர்ப்பைத்தான் தேட வேண்டும். 1780 முதல் 1832 வரை நிலவரிப் பட்டியல்கள் ஆண்டுதோறும் உரிமையாளரையும் குடியிருப்பவரையும் தருகின்றன. பெரும்பாலும் வயல் விவரம் இருக்காது. வரித்தொகை மாறாமல் பெயர் மட்டும் மாறுவதை வைத்தே பின்தொடர வேண்டும்.

நிலம் காப்பிஹோல்டு, அதாவது மேனர் என்ற பிரபுவின் எஸ்டேட்டுக்கு உட்பட்டு அதன் நீதிமன்றப் பதிவின் பேரில் அனுபவித்தது என்றால், அந்த மேனர் நீதிமன்றச் சுருள்தான் மூலப்பத்திரம். ஒருவர் இறந்ததும் வாரிசை அனுமதித்த பதிவு, அதற்கு முந்தையவரையும் பெரும்பாலும் சொல்லிவிடும். பாரிஷ் (தேவாலய ஊர்வட்டம்) பெயர் இங்கே போதாது. ஒரே பாரிஷில் இரண்டு மூன்று மேனர்கள் இருக்கும். கியூவின் மேனர் ஆவணப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 1733 வரை லத்தீன். ஆண்டு மார்ச் 25 அன்று பிறந்த காலம் அது. 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1721.

தனிப் பத்திரங்கள் கிடைப்பது அதிர்ஷ்டம். 1925 சட்டத்தின்படி 30 ஆண்டு மூலம் காட்டினால் போதும் என்றாகி, 1969இல் அது 15 ஆனது. பழைய கட்டுகள் வக்கீல்களுக்கு வெறும் இடைஞ்சலாகிவிட்டன. விளக்குக் குடை செய்யப் போன தோல் பத்திரங்களும் உண்டு. யார்க்ஷயரிலும் மிடில்செக்ஸிலும் 18ஆம் நூற்றாண்டிலேயே பத்திரப் பதிவகங்கள் இருந்ததால் அங்கே வேலை எளிது. மற்ற கவுண்டிகளில் கிடைத்த கட்டில் 5 ஷில்லிங்குக்கு ஓராண்டுக் குத்தகை என்று ஒரு தாள் இருந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். அது உண்மையில் குத்தகையே அல்ல, கிரையத்தின் முதல் பாதி. மறுநாள் தேதியிட்ட இரண்டாவது பத்திரத்தில்தான் உண்மையான விலை இருக்கும். இரண்டும் வேறு வேறு கட்டுகளில் போய்ச் சேர்ந்திருக்கலாம், அதனால் அட்டவணையில் பெயரோடு அந்த மறுநாள் தேதியையும் போட்டுத் தேடுங்கள்.