மூன்றாம் நாளின் கேள்வி

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றி வரும் இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக்கைத் தொடங்கப் பலர் இருக்கிறார்கள். அதைக் குறைக்கவோ நிறுத்தவோ பொறுப்பேற்பவர் அரிது. கடும் காய்ச்சலோடும் சரிந்த இரத்த அழுத்தத்தோடும் வரும் நோயாளிக்கு, எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திராமல், பல வகைக் கிருமிகளைத் தாக்கும் வலுவான மருந்தை உடனே போட்டாக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் கவலையெல்லாம், கிருமி எதுவென்று தெரிந்தபின் அதே மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று கேட்க வேண்டிய மூன்றாம் நாளைப் பற்றியது.

முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சருக்கு (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) இரத்தம் எடுத்திருந்தால்தான் அந்த நாளில் நம் கையில் ஆதாரம் இருக்கும். மருந்து உடலில் ஏறிய பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளராமலே போகலாம். வளர்ந்த கிருமியை, அகர் என்னும் கூழ் நிரப்பிய தட்டில் சீராகப் பரப்பி, மருந்து தோய்ந்த காகித வில்லைகளை அதன்மீது வைத்து, 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம் இன்குபேட்டரில் விடுகிறோம். கிருமி கட்டுப்படும் மருந்தின் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறோம். சில தட்டுகளிலோ வில்லைகளின் விளிம்புவரை கிருமி படர்ந்திருக்கும். அத்தகைய தட்டுக்கு ரிப்போர்ட் எழுதுவது எத்தனை முறை செய்தாலும் பழகிப்போகாத வேலை.

எளிய மருந்துக்கே கட்டுப்படும் கிருமி என்று தெரிந்ததும் வார்டுக்கு நானே போன் செய்துவிடுவேன். “நோயாளி தேறி வருகிறார், இப்போது எதற்கு மேடம் மெரோபெனத்தை மாற்ற வேண்டும்?” என்பார்கள், முதல் நாள் போட்ட அந்த வலுவான மருந்தைக் குறித்து. நோயாளி மீதுள்ள அக்கறையில் எழும் கேள்விதான் அது. “தேறி வருவதால்தான் டாக்டர் மாற்றலாம் என்கிறேன்” என்பேன். வலுவான மருந்து நோய்க்கிருமியோடு நிற்பதில்லை; குடலில் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. அதில் தப்பிப் பிழைப்பவை பெருகுவதோடு, தம் எதிர்ப்புத்திறனுக்கான மரபணுக்களைப் பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் வழியாக வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் கடத்துகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றைக் கடைசிக் கட்டத்துக்கான கையிருப்பு மருந்துகளாக வைத்தது. 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் மரணங்களுக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக இருந்தன என்பது மதிப்பீடு.

தேவையே இல்லாமல் தொடங்கப்படும் மருந்தும் உண்டு. சிறுநீர் வெளியேற நெடுநாள் கதீட்டர் குழாய் பொருத்தியவரின் சிறுநீரில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கிருமி வளரவே செய்யும். காய்ச்சலோ வலியோ இல்லாதபோது, கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதை அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் போன்ற சிலருக்கன்றி, அதற்குச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயரைக் கண்டதும் மருந்து எழுதக் கை நீண்டுவிடுகிறது. அதனால்தான் அறிகுறி என்னவென்று எழுதாத படிவம் வந்தால், கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மேற்கொண்டு போகிறேன்.

நோயாளிகளிடம் பேச நேரும்போது, காய்ச்சல் விட்டதும் மருந்தைத் தாமாக நிறுத்துவதும், மிஞ்சிய மாத்திரையை அடுத்த சளிக்கு எடுத்து வைப்பதும் கூடாது என்று சொல்கிறேன். சாதாரணச் சளிக்குக் காரணமான வைரஸ்களை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அதே சமயம், கூடுதல் நாள் சாப்பிட்டால் கூடுதல் நன்மை என்பதும் சரியல்ல. காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டும். நன்கு தேறிவரும் நிமோனியா நோயாளிகள் பலருக்கு 5 நாட்களே போதும். எத்தனை நாள் என்பதை நோயை அறிந்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அந்த முடிவு முதல் நாளே சீட்டில் ஏற வேண்டும் என்பதுதான் நான் ஒவ்வொரு வார்டிலும் வற்புறுத்துவது: எதற்காக இந்த மருந்து, எத்தனை நாள், என்றைக்கு மறுபரிசீலனை. தேதி எழுதியிருந்தால், மருந்து கொடுக்கும் செவிலியரே ரவுண்ட்ஸில், “கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டது, இதைத் தொடரலாமா டாக்டர்?” என்று கேட்டுவிடுகிறார். தேதி இல்லாத சீட்டில் அதே ஊசி, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதற்காகவே, நாள்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது.