மிலிட்டரி பெரியப்பா வீடும் சங்கத்து மாமாவும்

உச்சிப்புளி பக்கம் எந்தத் தெருவுக்குள்ள போனாலும் ஒரு 'மிலிட்டரிக்காரர் வீடு' இருக்கும், எங்க பெரியப்பா வீடும் அதுல ஒண்ணு. மிலிட்டரில ரிட்டயர் ஆனவங்க சங்கம்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது டிசம்பர் 7 கொடி நாள்தான், 1949லேர்ந்து நடக்குது, செவப்பு, கருநீலம், வெளிர்நீலம்னு முப்படைக்கும் ஒரே சின்னக் கொடி. ஆனா நெஜமான வேலையே வேற. பெரியப்பா போனப்புறம் ஃபேமிலி பென்ஷனுக்கு வருசா வருசம் லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும், பெரியம்மாவுக்கு ஓலைப்பொட்டி முடைஞ்சு முடைஞ்சு விரல் தேஞ்சு போச்சு, மெஷின்ல ரேகையே விழல, ஒரு எடத்துல "நாளைக்கு வாங்க"ன்னே அலைய விட்டாங்க (உயிரோட எதுக்க நிக்கிறவங்ககிட்ட உயிரோட இருக்கியான்னு கேக்குற கொடுமை!). சங்கத்துல இருக்க ஹவில்தார் மாமா வீட்டுக்கே வந்து, போன்ல மூஞ்சியக் காட்டுற ஆப்பத் தொறந்து, "மதினி, கண்ணச் சிமிட்டுங்க"ன்னாரு, முடிஞ்சிருச்சு. முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குன்னு 2003ல வந்த இசிஹெச்எஸ் மருத்துவத் திட்டத்தோட கார்டும் அவர்தான் எழுதிப் போட்டு வாங்கிக் குடுத்தாரு. யாராச்சும் தவறிட்டா மெடல் குத்திட்டு வந்து வரிசையா சல்யூட் அடிப்பாங்க, அதுவும் பெரிய விசயந்தான், ஆனா எனக்கு இந்த ஃபார்ம் வேலைதான் பெருசாத் தெரியுது. உங்க தெருவுலயும் பெரியம்மா மாதிரி அலையுறவங்க யாராச்சும் இருந்தா பிபிஓ (பென்ஷன் ஆர்டர்), ஆதார், பாஸ்புக் எடுத்துக்கிட்டு ராம்நாடு முன்னாள் படைவீரர் நல ஆபீசுக்குக் கூட்டிப் போங்க.