மாமிட தயிர் ஓடருக்கு பொட் செஞ்ச கதை

மாமி கல்லடியில எருமைத்தயிர் விக்கிறவ, வெள்ளி சனி வந்தா போன் விடாம அடிக்கும், யாருக்கு எத்தின சட்டி எண்டு கொப்பில எழுதி வெச்சும் மாறிப்போயிரும். அதான் டெலிகிராம்ல ஒரு பொட், தானாக் கேள்வி கேட்டு ஓடர் எடுக்கிற புரோகிராம், செஞ்சு குடுப்பம் எண்டு இறங்கினன். புது பொட் பதியிற டெலிகிராமிட பொட்ஃபாதர்ல டோக்கன், அதாவது பொட்டுக்குரிய சாவி, எடுக்க ரெண்டு நிமிசம், மிச்சம் பைதன்ல, python-telegram-bot எண்ட லைப்ரரியோட. என்ன சாமான், எந்த ஊர், எத்தின சட்டி, எந்த நாள், போன் நம்பர், அஞ்சு கேள்வி ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, இந்த வரிசையக் கொண்டு போற கன்வர்சேஷன் ஹேண்ட்லர்ல ஒவ்வொரு கேள்வியும் ஒரு ஸ்டேட், அதாவது ஒரு கட்டம், பதில் வந்தா அதுக்கு வெச்ச ஹேண்ட்லர் பிடிச்சு அடுத்ததுக்குப் போகும்.

கல்லடி, ஏறாவூர் ரெண்டையும் போட்டுப் பாத்தன், நல்லா வேல செஞ்சுது. கொக்கட்டிச்சோலையச் சேத்ததும் ஒரு ஊர்ப் பட்டனும் வரல்ல, பட்டன் டேட்டா இன்வேலிட் எண்டு எரர். ராவு ஒரு மணி வரைக்கும் பிழை தேடினன். மறுகாதான் விளங்கிச்சு, பட்டனுக்குள்ளால போற டேட்டா 64 பைட்டுக்கு மேல போகேலாது, இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட், நம்மட 'க'வுக்கு 3, அதுக்கு மேல புள்ளியோ கொம்போ வந்தா இன்னொரு 3. நான் 'எருமைத்தயிர்', ஒரு கோடு, ஊர்ப்பேர் எண்டு சேத்து அனுப்பியிருக்கன், ஏறாவூரோட 58 பைட், கொக்கட்டிச்சோலையோட 82! இப்ப பட்டன்ல தெரியிறது தமிழ்ப் பேர், உள்ளுக்கு வெறும் நம்பர். தமிழ்ல பொட் செய்றாக்கள் இத முதல்லயே கவனிச்சுக்கங்க, வீணா நித்திர முழிக்கத் தேவல்ல.

அடுத்த நாள் மாமிட கையில போனக் குடுத்தன். எத்தின சட்டி எண்டு கேக்க அவ 'ரெண்டு' எண்டு எழுதினா, பொட் பேசாம நிண்டுது.

"என்ன மனே, இது வாயே துறக்குதில்ல?"

நான் இருவது தரம் டெஸ்ட் பண்ணியும் ஒவ்வொரு தரமும் 2 எண்டுதான் அடிச்சிருக்கன். எந்த ஹேண்ட்லருக்கும் பொருந்தாத பதில் வந்தா அது ஒண்டும் செய்யாது, ஒண்டும் பொருந்தாட்டிக் கடைசியாப் பாக்கிற ஃபோல்பெக்ல கென்சல் கட்டளை மட்டும்தான் வெச்சிருந்தன். அதால எத்தின சட்டி எண்ட ஸ்டேட்டுக்குக் கடைசியா, எது வந்தாலும் பிடிச்சு 'நம்பரா அனுப்புங்க, 1, 2 மாதிரி' எண்டு சொல்ற ஒரு ஹேண்ட்லர் போட்டன். கடைசியாத்தான் போடோணும், முதல்ல பொருந்தினதத்தான் எடுக்கும், மேல வெச்சா சரியான பதிலையும் அதுவே பிடிச்சிரும்.

கரண்ட் போய் வந்தா நடுவுல நிண்டவங்க திரும்ப முதல்ல இருந்து, அதுக்கு, யார் எந்தக் கேள்வியில நிக்கிறாங்க எண்டத ஃபைல்ல சேமிக்கிற பிக்கிள் பெர்சிஸ்டன்ஸ் போட்டாச்சு, கன்வர்சேஷன் ஹேண்ட்லருக்குப் பேரும் வெக்கோணும்.

நேத்து கொக்கட்டிச்சோலையில இருந்து பெரியம்மா நாலு சட்டி கேட்டிருக்கா, எல்லாம் சரியா வந்துது, எந்த நாளுக்கு எண்ட கேள்விக்கு மட்டும் 'நாளையிண்டைக்கு' எண்டு எழுதியிருக்கா. நாள் பட்டன் இன்னும் போடல்ல, இண்டைக்கு ராவு அந்த வேலதான்.