பதினைந்தாம் தேதி

எங்கள் முதல் அமெரிக்க டெமோ தொடங்கியபோது கோவையில் இரவு எட்டு மணி. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கிடங்கு நடத்துகிற கம்பெனி அது. எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்று காட்டுவது எங்கள் மென்பொருளின் வேலை. நாற்பது நிமிடத்தில் எதிர்முனையில் இருந்தவர் நான்கு முறை "அமேசிங்" என்றார். ஆர்டர் வந்துவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் அலுவலகத்தில் பதினோரு பேருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் மூன்று வாரம் அங்கிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை.

நான் பார்த்து வளர்ந்த வியாபாரம் வேறு. அப்பா பம்ப் உதிரிபாகம் செய்து விற்றவர். வாங்க வருகிறவர் பொருளைப் புரட்டிப் பார்த்து "பரவாயில்லை" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பி அப்பா மறுநாளே வார்ப்புக்குக் கொடுத்துவிடுவார். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன சரக்கு திங்கட்கிழமை போனாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் ஊரில் பாராட்டுக்குக் கனம் அதிகம், தேதிக்குக் குறைவு. அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ் என்று எனக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆனது.

"அமேசிங்" என்றவர் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிட்டுவிட்டுப் போங்க" என்கிறோமே, அந்த மாதிரி மரியாதை அது. மனதாரச் சொல்வதுதான், ஆனால் இலை போட்டாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இப்போதெல்லாம் டெமோ முடிந்ததும் நேராகக் கேட்டுவிடுகிறேன்: அடுத்து என்ன, முடிவெடுப்பது யார், எந்தத் தேதிக்குள்? முதலில் இப்படிக் கேட்கவே கூச்சமாக இருந்தது, வந்தவரைக் கழுத்தில் கைவைத்துக் கேட்பது போல. அவர்களோ அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. அங்கேயே காலண்டரைத் திறந்து ஒரு நாளைக் குறிப்பார்கள். நாள் குறிக்காவிட்டால் ஆர்வம் இல்லை என்று நானே புரிந்துகொள்வேன்.

தேதியின் கனத்தை எனக்குக் கற்றுத் தந்ததும் அதே கொலம்பஸ் கம்பெனிதான். ஒருவழியாக ஒப்பந்தம் ஆகி வேலை நடந்துகொண்டிருந்தது. அவர்களிடம் இருந்த பழைய பார்கோடு ஸ்கேனர்களோடு எங்கள் மென்பொருளை இணைக்க வேண்டும். "15ஆம் தேதிக்குள் முடியுமா?" என்று கிடங்கு மேலாளர் கேட்டார். "பண்ணிடலாம்" என்கிற நினைப்பில் "யெஸ்" என்றேன். நமக்குப் "பண்ணிடலாம்" என்றால் உயிரைக் கொடுத்து முயல்வோம் என்று பொருள். அவர் காதில் அது வாக்குறுதியாக விழுந்தது.

எட்டாம் தேதியே முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் அவர் மனம் வருந்துவாரே என்று சொல்லவில்லை. டீம் பிள்ளைகளை இரவு பகலாக உட்காரவைத்தேன். 15ஆம் தேதி, இன்னும் நான்கு நாள் வேண்டும் என்று மெயில் போட்டேன். பத்து நிமிடத்தில் அந்த மேலாளர் அம்மாள் அழைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "தாமதமானது பெரிய விஷயமில்லை. மறுநாள் பயிற்சிக்காக நாற்பது பேரின் ஷிஃப்ட்டை மாற்றி வைத்திருக்கிறேன். இது உங்களுக்கு என்றைக்குத் தெரியும்?" என்றார். எட்டாம் தேதி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் மனம் நோகக்கூடாது என்று நான் வாய்மூடியிருந்தேன். அதனால் அந்த நாற்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாற்றிச் சொல்கிற வேலை அவர் தலையில் விழுந்தது.

அரசாங்க விவகாரமும் இதே கதைதான். அமெரிக்க முதலீட்டாளர்களுக்காகப் பலரையும் போல நாங்களும் டெலாவேர் மாநிலத்தில் கம்பெனியைப் பதிந்து ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கியிருந்தோம். முதல் வருட வரி நோட்டீஸில் இருந்த தொகை 85,165 டாலர். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. பங்கு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. கம்பெனியின் சொத்து மதிப்பையும் சேர்த்துப் போடும் இன்னொரு முறையும் சட்டத்திலேயே இருக்கிறது, அதில் குறைந்தபட்ச வரி 400 டாலர்தான் என்று ஆடிட்டர் விளக்கினார். எந்த முறை என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் மார்ச் 1 தாண்டினால் 200 டாலர் அபராதம், மாதம் ஒன்றரை சதவீதம் வட்டி. கணக்கில் அவ்வளவு இடம் கொடுக்கிறவர்கள் தேதியில் கொடுப்பதில்லை.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெயில் போகிறது. எது தள்ளிப்போகும் என்பதுதான் அதில் முதல் வரி. முடிந்த வேலைகளெல்லாம் கீழே.

போன மாதம் கொலம்பஸ் அழைப்பில் எங்கள் டீமின் இளைய தம்பியைப் பேசவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதே அம்மாள் ஒரு மாற்றத்தைச் சொல்லி, பத்தாம் தேதிக்குக் கிடைக்குமா என்றார். தம்பி என் பக்கம் திரும்பினான். நான் வாய் திறக்கவில்லை. எச்சில் விழுங்கிவிட்டு, "பத்தாம் தேதிக்கு முடியாது, மேடம். பதினேழாம் தேதி நிச்சயம் தருகிறோம்" என்றான். "நல்லது, குறித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.