சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டுக் கட்டுங்கள்

அண்ணனின் பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் திருநெல்வேலி வீட்டில் ரொம்ப நாளாகச் சும்மா நின்றது. இன்சூரன்ஸ் முடிந்திருந்தது, பேட்டரியும் போயிருந்தது. ஓட்டி வர வழியில்லாததால் மதுரைக்கு ஒரு குட்டியானை பேசினேன். முன் சக்கரத்தை கேபின் பக்கம் முட்டவைத்தால் டாடா ஏஸின் பின்கதவு மட்டுமட்டாக மூடும்.

190 கிலோவைத் தாண்டுகிற வண்டியை ஆள் வைத்துத் தூக்குவது இடுப்புக்குக் கேடு. தெருமுனை மண்மேட்டை ஒட்டிக் குட்டியானையை ரிவர்ஸில் நிறுத்தச் சொன்னேன். மேட்டுக்கும் குட்டியானையின் தொட்டிக்கும் நடுவில் கனமான பலகை, லேசான ஏற்றம். வண்டிக்கு இடப்பக்கம் நின்றேன், கிளட்ச் அங்கேதானே இருக்கிறது. ஏற்றத்தில் பாரம் பின் சக்கரத்துக்குப் போய்விடும்; முன் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் வழுக்கும். எஞ்சின் ஓடாவிட்டாலும் முதல் கியரில் போட்டு, தள்ளும்போது கிளட்சைப் பிடித்து, நிற்கும்போது விட்டுவிட்டால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

கட்டும்போதுதான் பேச்சு வளர்ந்தது. “சைடு ஸ்டாண்ட் போட்டு இறுக்கிரலாம் தம்பி, எத்தனை வண்டி ஏத்தியிருக்கேன்” என்றார் டிரைவர்.

“இல்லண்ணே, நேரா நிக்கட்டும்.”

இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஸ்டாண்டில் சாய்த்து இறுக்கினால் கயிறு இழுக்கிற இழுப்பும் பள்ளத்தில் விழுகிற அதிர்ச்சியும் அந்த ஒற்றைக் காலில்தான் இறங்கும். ஸ்டாண்ட் வளையும், அது பிடித்திருக்கும் பிராக்கெட்டும் சேர்ந்து கோணும். அதோடு நைலான் கயிறு போகப்போக நீளும். நான் ராட்செட் பெல்ட்தான் வைத்திருக்கிறேன், பிடியை அசைக்க அசைக்க கிளிக் கிளிக்கென்று இறுகுகிற பட்டை. ஹேண்டில்பாரில் மாட்டாமல், அதற்குக் கீழே ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்களை, பிடித்திருக்கும் கிளாம்பில் துணி சுற்றி, இரண்டு பக்கமும் முன்னோக்கிக் கீழே இழுத்துக் கட்டினேன். ஒரு பக்கம் நாலு கிளிக், மறுபக்கம் நாலு கிளிக். ஃபோர்க் பாதி அமுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அமுங்காமல் விட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் பெல்ட் ஒரு நொடி தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். முழுக்க அமுக்கினால், உள்ளே இருக்கும் எண்ணெய் கசியாமல் தடுக்கிற ஆயில் சீலுக்கு ஆபத்து. பின்பக்கத்துக்கு இரண்டு பெல்ட், அது ஆடாமல் இருந்தால் போதும்.

பெட்ரோலை முன்பே வடித்து, டேப்பையும் மூடியிருந்தேன்.

கங்கைகொண்டானில் ஓரங்கட்டச் சொல்லிப் பார்த்தேன். முன் இடது பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது, இரண்டு கிளிக் ஏற்றினேன். கிளம்பிய முதல் அரைமணி நேரத்தில்தான் எல்லாம் இடம் பார்த்து உட்காரும், அதனால் அந்த ஒரு நிறுத்தத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அப்புறம் கோவில்பட்டியில் டீ குடிக்கும்போது பார்த்தேன், அசையவே இல்லை.

மதுரையில் மேடு கிடைக்கவில்லை, பலகையில்தான் இறக்கினோம். பின்பெல்ட்டை முதலில் கழற்றி, ஒருவர் வண்டியைப் பிடித்த பிறகே முன்பெல்ட்டைத் தொட வேண்டும். ஃபோர்க் சட்டென்று மேலே எழும்பும். பின் சக்கரம் முதலில் இறங்கியது. கியரில் போட்டுக் கிளட்சை ஜாண் ஜாணாக விட்டுவிட்டு இறக்கினேன். டிரைவர் அண்ணன் மறுபக்கம் இடுப்பைக் கொடுத்துத் தாங்கினார்.